பாஸ் மார்க்கிலிருந்து கட்-ஆஃபுக்கு: கனடா பாயின்ட் முறையின் கதை

[எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.]

இன்னைக்கு ஒரு மார்க் ஷீட்டோட வரலாறு.

நாலு ஃபிரெண்ட்ஸ் உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒருத்தர் "ஸ்கோர் எவ்வளவு?"ன்னு கேட்டு, இன்னொருத்தர் "478"ன்னு சொல்லி, மத்தவங்க எல்லாரும் துக்க வீட்டுக்கு வந்த மாதிரி முகத்தை வச்சுக்கிட்டா, அது கிரிக்கெட் ஸ்கோர் இல்லை. கனடா ஸ்கோர். வயசுக்கு இத்தனை, படிப்புக்கு இத்தனை, இங்கிலீஷுக்கு இத்தனை, வேலை அனுபவத்துக்கு இத்தனைன்னு கூட்டி, 1200-க்கு ஒரு மார்க். நம்ம பழைய பிளஸ் டூ மாதிரியே 1200! எங்க செட்டு வரைக்கும் பிளஸ் டூவில் 1200-க்குத்தான் மார்க். அதுக்கப்புறம்தான் 600 ஆச்சு. ஒரு தடவை 1200-க்கு ஓடி முடிச்சவங்களை இன்னொரு தடவை 1200-க்கு ஓட விட்டிருக்காங்க.

எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி. ஒரு மனுஷனைப் பார்த்து, "நீ எங்க நாட்டுக்கு வரலாம், உனக்கு இத்தனை மார்க்"ன்னு சொல்ற ஐடியா யாருக்கு வந்தது? ஏன் வந்தது? இது இரக்கமே இல்லாத ஒரு மெஷின்னு நினைச்சுத்தான் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்கத்தான் தெரிஞ்சது, இது பிறந்தப்போ ரொம்பப் பெரிய முன்னேற்றமா இருந்திருக்கு. அதுக்கு முன்னாடி இருந்ததைப் பார்த்தா உங்களுக்கும் அப்படித்தான் தோணும்.

முதல்ல மார்க்கே இல்லாத காலத்துக்குப் போவோம்.

1885-ல் கனடா, சீனர்கள் மேல தலைவரின்னு ஒரு வரி போட்டது. உள்ளே வர ஆளுக்கு 50 டாலர். அது 1900-ல் 100 ஆச்சு, 1903-ல் 500 ஆச்சு. 500 டாலர்ங்கிறது அந்தக் காலத்தில் ஒரு தொழிலாளியோட வருஷக்கணக்கான சேமிப்பு. அதுவும் போதாதுன்னு 1923-ல் சீனர்கள் வர்றதையே கிட்டத்தட்ட முழுசா தடுக்கிற ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க. அதை நீக்க 1947 வரைக்கும் ஆச்சு.

இந்தியர்கள் விஷயத்தில் இப்படி வெளிப்படையா செய்ய முடியலை. ஏன்னா இந்தியாவும் கனடாவும் ஒரே பிரிட்டிஷ் சாம்ராஜ்யம். ஒரே ராஜாவோட குடிமக்களை எப்படித் தடுக்கிறது? அதனால 1908-ல் ஒரு தந்திரமான விதி போட்டாங்க. "சொந்த நாட்டிலிருந்து எங்கேயும் நிக்காம, ஒரே பயணமா, ஒரே டிக்கெட்டில் வந்தாத்தான் அனுமதி." கேட்க நியாயமா இருக்கில்ல? விதியில் இந்தியாங்கிற பேரே கிடையாது. ஆனா இந்தியாவிலிருந்து கனடாவுக்கு அப்படி ஒரே டிக்கெட்டில் வர வழி இல்லாம பார்த்துக்கிட்டாங்க. கூடவே ஆசியர்கள் கையில் 200 டாலர் வச்சிருக்கணும்னு இன்னொரு விதி.

இந்த விதியைச் சோதிச்சுப் பார்க்கத்தான் 1914-ல் குர்தித் சிங் ஒரு ஜப்பானியக் கப்பலை வாடகைக்கு எடுத்தார். கோமகாட்டா மாரு. பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. 376 பயணிகள், பெரும்பாலும் பஞ்சாப் சீக்கியர்கள். மே 23-ஆம் தேதி வான்கூவர் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தாங்க. கரை கண்ணுக்குத் தெரியுது, ஆனா இறங்க முடியலை. ரெண்டு மாசம் கப்பலுக்குள்ளேயே கிடந்தாங்க. ஏற்கெனவே கனடாவில் குடியிருந்தவங்கன்னு ஒரு சிலரை மட்டும் இறக்கி விட்டுட்டு, ஜூலை 23-ஆம் தேதி மத்த எல்லாரையும் ஒரு போர்க்கப்பலைக் காவலுக்கு வச்சுத் திருப்பி அனுப்பினாங்க. செப்டம்பர் கடைசியில் கல்கத்தா பக்கத்தில் பட்ஜ் பட்ஜில் வந்து இறங்கினப்போ இங்கே பிரிட்டிஷ் போலீஸ் சுட்டது. சுமார் 20 பேர் அங்கேயே செத்தாங்க. அந்த 376 பேரில் யார் என்ன படிச்சிருக்காங்க, என்ன தொழில் தெரியும்னு யாரும் கேட்கவே இல்லை. கேட்கவேண்டிய அவசியமே இல்லை.

சுதந்திரம் வந்த பிறகு நிலைமை மாறியிருக்கும்னு நினைப்போம். மாறிச்சு, எப்படின்னா 1951-ல் கனடா மூணு நாடுகளோட ஒப்பந்தம் போட்டு ஒரு கோட்டா கொடுத்தது. இந்தியாவுக்கு வருஷத்துக்கு 150 பேர். பாகிஸ்தானுக்கு 100. இலங்கைக்கு 50. இது ஆயிரத்திலோ லட்சத்திலோ இல்லைங்க, நிஜமாவே 150 பேர். ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு பந்திக்கு உட்காருற கூட்டம். அடுத்த வருஷமே, 1952-ல் வந்த குடிவரவுச் சட்டத்தில் ஒருத்தரை மறுக்க என்னென்ன காரணம் சொல்லலாம்னு பட்டியல் இருந்தது. எந்த நாடு, எந்த இனம், எந்தத் தொழில். அவங்க பழக்கவழக்கம் விசித்திரமா இருக்கா. கனடாவோட குளிர் அவங்களுக்கு ஒத்துவருமா. குளிர் ஒத்துவராதுங்கிறது ஒரு அரசாங்கத்தோட அதிகாரப்பூர்வமான காரணம்! இப்போ மைனஸ் 30-ல் பிராம்ப்டனில் டிரக் ஓட்டிக்கிட்டிருக்கிற பஞ்சாபிகளைப் பார்த்தா அந்தச் சட்டத்தை எழுதினவங்க என்ன சொல்வாங்களோ.

இந்த இடத்தில் ஆஸ்திரேலியா பக்கம் ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம். ஏன்னா, "சரி, இனம் பார்க்காம எல்லாருக்கும் ஒரு பரீட்சை வச்சா நியாயமாயிடும்ல?"ன்னு உங்களுக்குத் தோணலாம். ஆஸ்திரேலியா 1901-லேயே பரீட்சை வச்சது. அதிகாரி ஒரு ஐரோப்பிய மொழியில் 50 வார்த்தை படிப்பார், வந்தவர் அதைப் பிழையில்லாம எழுதணும். எந்த மொழின்னு அதிகாரிதான் முடிவு பண்ணுவார். வெள்ளைக்காரர்னா பரீட்சையே வைக்கமாட்டாங்க. வேண்டாத ஆள்னா அவருக்குத் தெரியாத மொழியாப் பார்த்து வைப்பாங்க. 1934-ல் எகோன் கிஷ்னு ஒரு பத்திரிகையாளர் வந்தார். செக் நாட்டுக்காரர், கம்யூனிஸ்ட், ஹிட்லரை எதிர்த்து எழுதுறவர். அவரை உள்ளே விட அரசுக்கு விருப்பம் இல்லை. கப்பலை விட்டு இறங்கக் கூடாதுன்னாங்க. மனுஷன் மெல்போர்னில் கப்பலிலிருந்து குதிச்சுட்டார், கால் உடைஞ்சுபோச்சு. பிறகு சிட்னியில் அவருக்குப் பரீட்சை வச்சாங்க. அவருக்கோ நிறைய மொழி தெரியும். அதனால எந்த மொழியில் வச்சாங்க தெரியுமா? ஸ்காட்லாந்தோட கேலிக் மொழியில்! வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. இந்தச் சட்டம் சொல்ற அர்த்தத்தில் கேலிக் ஒரு ஐரோப்பிய மொழி இல்லைன்னு தீர்ப்பு வந்து, அந்தப் பரீட்சை செல்லாதுன்னு ஆச்சு. இவ்வளவு கேலிக்கூத்துக்குப் பிறகும் அந்தப் பரீட்சை முறை 1958 வரைக்கும் சட்டத்தில் இருந்தது. ஆக, பரீட்சை வைக்கிறதால மட்டும் நியாயம் வந்துடாது. சிலபஸ் முன்னாடியே தெரியணும், பாஸ் மார்க் எவ்வளவுன்னு தெரியணும், அது எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும்.

இப்போ கனடாவுக்குத் திரும்புவோம். 1962.

எலன் ஃபேர்கிளஃப்னு ஒரு அமைச்சர். கனடாவோட மத்திய அமைச்சரவையில் முதல் பெண். அவங்க கொண்டு வந்த புது விதிகள், தானா விண்ணப்பிச்சு வர்றவங்க விஷயத்தில் இன அடிப்படையிலான தடையை எடுத்துடுச்சு. இனிமே படிப்பு, பயிற்சி, திறமை இதைத்தான் பார்க்கணும். நல்ல விஷயம்தான். ஆனா அதில் ரெண்டு ஓட்டை. ஒண்ணு, சொந்தக்காரங்களைக் கூப்பிட்டுக்கிறதில் ஐரோப்பாவிலிருந்து வந்தவங்களுக்கு இருந்த சலுகை நமக்கு இல்லை. ரெண்டாவதுதான் பெரிய ஓட்டை. படிப்பையும் திறமையையும் பார்க்கணும், சரி, எப்படி அளக்கிறது? அளவுகோல் எதுவும் கொடுக்கலை. எதிர்ல உட்கார்ந்திருக்கிற அதிகாரி பார்த்து முடிவு பண்ணுவார். அந்த அதிகாரி நேத்து வரைக்கும் பழைய சட்டத்தில் வேலை பார்த்தவர். விதி மாறிடுச்சு, பார்வை அதேதான்.

இங்கேதான் டாம் கென்ட் வர்றார். இங்கிலாந்தில் பிறந்த பத்திரிகையாளர். இரண்டாம் உலகப் போரில் பிளெட்ச்லி பார்க்கில் சங்கேதக் குறிப்புகளை உடைக்கிற இடத்தில் வேலை பார்த்தவர். கனடாவுக்கு வந்து பத்திரிகை ஆசிரியரா இருந்து, பிரதமர் லெஸ்டர் பியர்சனோட ஆலோசகர் ஆனார். 1966-ல் புதுசா உருவாக்கின மனிதவள, குடிவரவுத் துறைக்கு அவர்தான் செயலர் அந்தஸ்தில் உயர் அதிகாரி. அமைச்சர் ஜான் மார்ஷான்.

இவங்களை ரொம்பப் புனிதப்படுத்தவும் வேண்டாம். போருக்குப் பிறகு ஐரோப்பாவோட பொருளாதாரம் எழுந்து நின்னுடுச்சு. அங்கேயே நல்ல வேலை கிடைக்குது, எதுக்குக் கப்பல் ஏறணும்? கனடாவுக்குத் திறமையான ஆட்கள் வேணும், பழைய இடத்திலிருந்து வரலை. இன்னொரு பக்கம், ஏற்கெனவே வந்தவங்க கூப்பிட்டுக்கிற சொந்தக்காரங்க கூட்டம் பெருகுது, அதைக் கொஞ்சம் கட்டுப்படுத்தணும். இனவெறியை ஒழிக்கணும்ங்கிற மனசும் ஆள் பற்றாக்குறைங்கிற கணக்கும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் போச்சு. வரலாற்றில் நல்லது நடக்கிறது பெரும்பாலும் இப்படித்தான்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

1967 அக்டோபர் 1. பாயின்ட் முறை நடைமுறைக்கு வந்தது. பார்லிமென்ட் நிறைவேத்தின புதுச் சட்டம்கூட இல்லை, அமைச்சரவை ஆணையா வந்த விதிமுறைதான். சட்டத்துக்குள்ளே ஏற இன்னும் பத்து வருஷம் ஆச்சு.

அந்த மார்க் ஷீட்டைக் கொஞ்சம் நிதானமா பார்ப்போம், ஏன்னா எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான். மொத்தம் 100, பாஸ் மார்க் 50. படிப்புக்கு அதிகபட்சம் 20, ஒரு வருஷப் படிப்புக்கு ஒரு பாயின்ட். உங்க தொழிலுக்கு அங்கே எவ்வளவு தேவை இருக்குங்கிறதுக்கு 15. தொழில் திறனுக்கு 10. வயசுக்கு 10. வேலை முன்கூட்டியே கிடைச்சிருந்தா 10. இங்கிலீஷுக்கு 5, பிரெஞ்சுக்கு 5. சொந்தக்காரங்க அங்கே இருந்தா 5. போகப்போற ஊரில் வேலை வாய்ப்பு இருந்தா 5. மிச்சம் 15 இருக்கில்ல? அதுக்குப் பேர் தனிப்பட்ட மதிப்பீடு. ஆள் எப்படி, சூட்டிகையா இருக்காரா, புது இடத்தில் ஒத்துப்போவாரான்னு பார்த்து அதிகாரி போடுற மார்க்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1968. மெட்ராஸில் ஒரு எஞ்சினியர், 28 வயசு. கற்பனை ஆள்தான். எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் 11 வருஷம், பி.யூ.சி. 1, பி.இ. 5. மொத்தம் 17 வருஷம், 17 பாயின்ட். வயசுக்கு முழுசா 10. தொழில் திறனுக்கு 10. இங்கிலீஷுக்கு 5. 42 ஆச்சு. தொழில் தேவைக்கு ஒரு 10 கொடுத்தாக்கூட 52. பாஸ்! எதிரில் இருக்கிற அதிகாரிக்கு இவர் மூஞ்சி பிடிக்கலைன்னாலும், 15-க்கு சைபர் போட்டாலும் கணக்குப்படி பாஸ். 1914-ல் கப்பலை விட்டு இறங்க விடாத நாடு அது. 54 வருஷத்தில் அதே நாட்டோட அதிகாரி, தனக்குப் பிடிக்காத ஒரு பழுப்பு நிற ஆளைப் பார்த்து "நீங்க தேறிட்டீங்க"ன்னு சொல்லவேண்டிய நிலைமை. விதிவிலக்கா மறுக்கிற அதிகாரம் அவர்கிட்ட இருந்ததுதான், ஆனா காரணம் எழுதித் தரணும்.

இப்போ இன்னொரு ஆள். அதே 28 வயசு, எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சிட்டு ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. படிப்புக்கு 11, வயசுக்கு 10. தொழில் திறனுக்கு ஒரு 5, இங்கிலீஷுக்கு ஒரு 2 வைங்க. 28. தொழில் தேவைக்கு முழுசா 15 கிடைச்சாலும் 43. மிச்ச 7 பாயின்ட்டுக்கு அவர் அதிகாரியோட முகத்தைத்தான் பார்க்கணும். பார்த்தீங்களா? படிச்சவருக்கு அந்தப் பழைய பார்வையிலிருந்து விடுதலை. படிக்காதவருக்கு அது அப்படியே இருக்கு. இனம்ங்கிற சுவரை எடுத்துட்டு அந்த இடத்தில் டிகிரிங்கிற சுவரை வச்ச மாதிரி. நம்ம ஊரில் யாருக்கு டிகிரி கிடைச்சது, யாருக்குக் கிடைக்கலைங்கிறது தனி வரலாறு, உங்களுக்கே தெரியும். இன்னொண்ணும் இருக்கு. அந்த 17 வருஷப் படிப்புக்குப் பெரும்பகுதி செலவு பண்ணது நம்ம அரசாங்கம். மார்க் போட்டு எடுத்துக்கிட்டது அவங்க அரசாங்கம்.

இருந்தாலும் விளைவு பிரமாண்டமா இருந்தது. 1966-ல் கனடாவுக்குக் குடியேறினவங்களில் சுமார் 87 சதவீதம் ஐரோப்பியர்கள். நாலே வருஷத்தில் அது ஏறக்குறைய பாதியா குறைஞ்சது. ஆசியா, கரீபியன்னு மத்த பகுதிகளிலிருந்து மத்த பாதி. அப்படிப் போனவங்களில் நிறையப் பேருக்கு வேற ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. மார்க் போட்டது மத்திய அரசு. ஆனா டாக்டரா, எஞ்சினியரா தொழில் பண்ண லைசென்ஸ் கொடுக்கிறது மாகாணத்து அமைப்புகள். "உங்க டிகிரிக்கு 20 பாயின்ட்"ன்னு சொல்லி விமானம் ஏத்தின நாட்டில் போய் இறங்கினா, "உங்க டிகிரி இங்கே செல்லாது"ன்னு சொல்றாங்க. டாக்ஸி ஓட்டுற டாக்டர் ஜோக் எல்லாம் அங்கிருந்து வந்ததுதான். அந்தப் பிரச்சினை இன்னும் முழுசா தீரலை.

இங்கே ஒருத்தர் குறுக்கே கேட்பீங்க: "டொரண்டோ முழுக்கத் தமிழர்கள்தானே, அவங்கல்லாம் பாயின்ட் போட்டா போனாங்க?" இல்லை. அதைச் சொல்லாம இந்தக் கதை முழுசாகாது. ரொறன்ரோன்னு எழுதுற ஈழத்தமிழர்களில் பெரும்பாலானவங்க 1983-க்குப் பிறகு போரிலிருந்து தப்பிப் போனவங்க, அகதிகளாகவும் அப்படிப் போனவங்களோட குடும்பமாகவும். 1986 ஆகஸ்ட்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில், மூடுபனிக்கு நடுவில், ரெண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 பேர் மிதந்துக்கிட்டிருந்தாங்க. எல்லாரும் இலங்கைத் தமிழர்கள். ஜெர்மனியிலிருந்து ஒரு கப்பல் ஏத்திக்கிட்டு வந்து, நடுக்கடலில் படகில் இறக்கி விட்டுட்டுப் போயிடுச்சு. கஸ் டால்டன்னு ஒரு மீனவக் கேப்டன்தான் முதல்ல பார்த்துக் காப்பாத்தினார். கனடாவில் பெரிய விவாதம் நடந்தது, அரசு அவங்களைத் திருப்பி அனுப்பலை. அந்தப் படகில் யாருக்கு எத்தனை வருஷப் படிப்பு, பிரெஞ்சு தெரியுமான்னு எந்த மார்க் ஷீட்டும் இல்லை. ஆனா இன்னைக்கு பாயின்ட் கணக்கில் டொரண்டோ போய் இறங்குற சென்னைப் பையனுக்கு முதல் நாள் இட்லி கிடைக்கிற கடையும், பொங்கலுக்குப் போகிற கோயிலும், பெரும்பாலும் அப்படி வந்தவங்க கட்டினது.

இனி வேகமா 2000-க்குத் தாவலாம். நடுவில் பாயின்ட்களை மாத்தி மாத்தி வச்சாங்க, அவ்வளவுதான். 2002 ஜூனில் புதுச் சட்டம் வந்தது. அதிகாரி ஆளைப் பார்த்துப் போடுற மார்க் அதில்தான் கடைசியா போச்சு. அந்தப் பழைய பார்வை மார்க் ஷீட்டை விட்டு இறங்க 35 வருஷம்! இனி எல்லாமே சான்றிதழ், எல்லாமே ஆவணம். பாஸ் மார்க் முதல்ல 75, அடுத்த வருஷம் 67-ஆ குறைச்சாங்க.

67. இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்கங்க. ஏன்னா பாஸ் மார்க்ங்கிறது ஒரு வாக்குறுதி. 67 எடுத்தா உங்க விண்ணப்பத்தைப் பரிசீலிச்சே ஆகணும். எத்தனை பேர் எடுத்தாலும் சரி. உலகம் முழுக்கப் படிச்ச பசங்க பெருகின காலம் அது. இந்தியா, சீனா, பிலிப்பைன்ஸ்னு எல்லா இடத்திலும் 67 எடுக்கிற ஆட்கள் லட்சக்கணக்கில் இருந்தாங்க. கனடா ஒரு வருஷத்துக்கு எடுக்கிறதோ குறிப்பிட்ட எண்ணிக்கை. 2008 வாக்கில் வரிசையில் 6 லட்சம் பேருக்கு மேல நின்னாங்க. அஞ்சு வருஷம், ஆறு வருஷம்னு காத்திருப்பு. அந்த வருஷம் சட்டத்தைத் திருத்தி, எந்த விண்ணப்பத்தை எடுக்கலாம், எதை விடலாம்னு அமைச்சர் முடிவு பண்ணலாம்னு ஆக்கினாங்க. பழைய வரிசை அப்படியே நின்னது.

2012-ல் அந்த வரிசையை ஒரே வெட்டா வெட்டினாங்க. 2008 பிப்ரவரி 27-க்கு முன்னாடி விண்ணப்பிச்சு, இன்னும் முடிவு வராத திறன்சார் பணியாளர் விண்ணப்பங்கள் எல்லாம் ரத்து. குடும்பத்தோட சேர்த்து சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் பேர். நிராகரிக்கலை, ரத்து. கட்டின ஃபீஸைத் திருப்பித் தர்றோம்னு சொன்னாங்க. ஆனா அந்த வருஷங்களை எப்படித் திருப்பித் தர்றது? கனடா வரும்னு வீடு வாங்காம இருந்தவங்க, புது வேலைக்குப் போகாம இருந்தவங்க, குழந்தையோட ஸ்கூலை மாத்தாம இருந்தவங்க. 2005-ல் 34 வயசில் விண்ணப்பிச்சவருக்கு 2012-ல் 41. புதுசா விண்ணப்பிக்கலாம்னு சொல்றாங்க, ஆனா போன வயசு போனதுதானே. கோர்ட்டுக்குப் போனாங்க, தோத்தாங்க.

என் கணக்கில், பாயின்ட் முறை ரெண்டாவது தடவை பிறந்தது இங்கேதான். பாஸ் மார்க்குன்னு ஒண்ணு இருந்தாத்தானே வாக்குறுதி? அதையே எடுத்துட்டா?

இந்த யோசனை கனடாவோடது இல்லை, நியூசிலாந்தோடது. 2003-லேயே அவங்க, "விண்ணப்பிக்காதீங்க, விருப்பம் மட்டும் தெரிவிங்க, வேணும்னா நாங்க கூப்பிடுறோம்"னு மாத்திட்டாங்க. 2012-ல் ஆஸ்திரேலியா அதை எடுத்துக்கிச்சு. 2015 ஜனவரி 1-ல் கனடா எடுத்துக்கிச்சு. அதுதான் இப்போ நீங்க கேள்விப்படுற எக்ஸ்பிரஸ் என்ட்ரி. ப்ரொஃபைல் போடுறீங்க, 1200-க்கு ஒரு ஸ்கோர் வரும், எல்லாரோடும் சேர்ந்து ஒரு குளத்தில் இருப்பீங்க. அவங்க அப்பப்போ டிரா நடத்தி மேலிருந்து இத்தனை பேர்னு கூப்பிடுவாங்க. கடைசியா கூப்பிட்டவரோட ஸ்கோர்தான் அன்னைக்குக் கட்-ஆஃப்.

நமக்கு இதை விளக்கவே வேண்டாம். எஞ்சினியரிங் கவுன்சலிங் பார்த்த ஊர். 35 எடுத்தா பாஸ்ங்கிறது வேற, அண்ணா யுனிவர்சிட்டி கட்-ஆஃப்ங்கிறது வேற. பாஸ் மார்க் உங்களைப் பத்தினது. கட்-ஆஃப் உங்களைச் சுத்தி இருக்கிறவங்களைப் பத்தினது. நீங்க அதே ஆள்தான், அதே மார்க்தான், பக்கத்து வீட்டுப் பையன் நல்லா எழுதினா நீங்க கீழே போயிடுவீங்க. ஆனா நம்ம கவுன்சலிங்கில் ஒரு நல்ல விஷயம், ஒரே தடவையில் முடிஞ்சுடும். இது முடியாது. ஒரு வருஷம் ப்ரொஃபைல் செல்லும், கூப்பிடலைன்னா தானா காலாவதி ஆயிடும். திரும்பப் போடணும். உங்களை யாரும் ஃபெயில் ஆக்கமாட்டாங்க. உங்களுக்கு மறுப்புக் கடிதம் வராது. கூப்பிடலை, அவ்வளவுதான். ஃபெயில் ஆனாலாவது வேற வேலையைப் பார்க்கலாம்.

அந்தக் கட்-ஆஃப் எவ்வளவு ஆடும்னா, 2021 பிப்ரவரி 13-ஆம் தேதி நடந்த டிராவில் 27,332 பேரைக் கூப்பிட்டாங்க, கட்-ஆஃப் 75. ஆமா, எழுபத்தஞ்சு. கொரோனாவால் எல்லை மூடியிருந்தது, வருஷ இலக்கை எட்டணும், அதனால ஏற்கெனவே கனடாவுக்குள்ளே வேலை பார்த்துக்கிட்டிருந்தவங்க எல்லாரையும் ஒரே அள்ளா அள்ளிட்டாங்க. 2024-ல் பொதுப் பிரிவு டிராக்கள் எல்லாம் 500-க்கு மேல. அதே வருஷம் பிரெஞ்சு தெரிஞ்சவங்களுக்கான தனி டிராவில் 400-க்குக் கீழே இருந்தவங்களையும் கூப்பிட்டாங்க. 1967-ல் 5 பாயின்ட் பெறுமான பிரெஞ்சுக்கு இப்போ தனி வாசல். நம்ம பசங்க திடீர்னு மாலையில் பிரெஞ்சு கிளாஸ் போறதுக்கு இலக்கியத்தில் வந்த காதல் காரணம் இல்லைங்க.

விதியும் நின்ன இடத்தில் நிக்காது. வேலைக்கான ஆஃபர் கையில் இருந்தா ஆரம்பத்தில் 600 பாயின்ட். 2016 கடைசியில் அதை 50 அல்லது 200-ஆ குறைச்சாங்க. அந்த ஆஃபர் லெட்டரைக் காசுக்கு விக்கிற ஒரு சந்தையே உருவாச்சு. 2025 மார்ச் 25-லிருந்து அந்தப் பாயின்ட்டே கிடையாது. பொய்யா வாங்கினவங்களுக்குப் போச்சு, நிஜமாவே வேலை கிடைச்சவங்களுக்கும் சேர்த்துப் போச்சு.

வயசு விஷயத்தை மட்டும் ஒப்பிட்டுட்டு முடிச்சுக்கிறேன், ஏன்னா கேட்கிறவங்களில் பாதிப் பேர் அந்த வயசில்தான் இருக்கீங்க. 1967-ல் 18-லிருந்து 35 வரைக்கும் முழு மார்க். 35-க்கு மேலதான் வருஷத்துக்கு ஒண்ணு குறையும். இப்போ, தனி ஆளா விண்ணப்பிச்சா, 20-லிருந்து 29 வரைக்கும் 110. முப்பதாவது பிறந்தநாள் அன்னைக்கு 105. 31-ல் 99. 35-ல் 77. 40-ல் 50. 45-ல் சைபர். எல்லாரும் ஒட்டி ஒட்டி நிக்கிற குளத்தில் 5 பாயின்ட்ங்கிறது ஆயிரக்கணக்கான ஆட்கள். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி அடுத்த மாசம் முப்பது முடிக்கிறா. ஐஈஎல்டிஎஸ்ஸில் லிஸனிங் 8, மத்ததெல்லாம் 7-க்கு மேல, மாஸ்டர்ஸ், ஆறு வருஷ அனுபவம், எல்லாம் இருக்கு. கேக் வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு டிரா வரணும்னு காலண்டரைப் பார்த்துக்கிட்டிருக்கா. எப்போ வரும்னு அறிவிக்கமாட்டாங்க.

ஸ்கோர் சமமா இருந்தா என்ன பண்ணுவாங்கன்னு அவகிட்ட கேட்டேன். நம்ம கவுன்சலிங்கில் கணக்கு மார்க், பிசிக்ஸ் மார்க்னு பார்த்துக்கிட்டே போய், பிறந்த தேதி பார்த்து, கடைசியா ரேண்டம் நம்பருக்கு வருவாங்க. அங்கே, யார் ப்ரொஃபைலை முதல்ல போட்டாங்களோ அவங்களுக்கு முன்னுரிமை. ஒவ்வொரு டிராவுக்கும் கட்-ஆஃபோட சேர்த்து ஒரு தேதியும் நேரமும் வெளியிடுவாங்க, மணி, நிமிஷம், செகண்ட் வரைக்கும். அவ ப்ரொஃபைல் போட்ட நேரத்தை மனப்பாடமா சொன்னா.

அடுத்த எபிசோடில் நியூசிலாந்து. கேள்வி இருந்தா அனுப்புங்க. ஆனா "என் ஸ்கோருக்குக் கிடைக்குமா?"ன்னு மட்டும் கேட்காதீங்க, அது கனடாக்காரங்களுக்கே டிரா அன்னைக்குத்தான் தெரியும்.